மியாட்டாவின் ஹெட்லைட்டை நானே மாற்றிய கதை: நான்கு வார இறுதிகளும் 113 டாலரும்

லான்காஸ்டர் பக்கம் இரவில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஊரைத் தாண்டிவிட்டால் தெருவிளக்கே கிடையாது. பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்கள், அதாவது கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியிலேயே போகும் கிறிஸ்தவச் சமூகத்தினர், வாழும் பகுதி அது. இருட்டிய பிறகும் குதிரை வண்டிகள் போய்க்கொண்டிருக்கும். ஒரு அக்டோபர் மாலை, வேலை முடிந்து என்னுடைய 1992 மாஸ்டா மியாட்டாவில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் முன்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. அதன் முதுகில் இருந்த ஆரஞ்சு முக்கோணம் என் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் அது குதிரை வண்டி என்று புரிந்தது. பிரேக்கை முழுசாக மிதித்தேன். கார் நின்றபோது நடுவில் இரண்டு கார் நீளம்கூட இல்லை. வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பையன் திரும்பிப் பார்த்தான். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு என் வேகம் அதிகமில்லை, கவனமும் சாலையில்தான் இருந்தது. வெளிச்சம்தான் போதவில்லை.

மியாட்டா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். முதல் தலைமுறையில் ஹெட்லைட்டுகள் பானட்டுக்குள் மூடிக்கொண்டிருக்கும், பட்டனை அழுத்தினால் கண் விழிப்பதுபோல மேலே எழும்பும். அந்த அழகுக்காகத்தான் பாதிப் பேர் இந்தக் காரை வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான். உள்ளே இருப்பது 7 அங்குல வட்ட சீல்டு பீம். பல்பு, கண்ணாடி, ரிஃப்ளெக்டர் எல்லாம் ஒரே துண்டாக ஒட்டியிருக்கும், பல்பை மட்டும் மாற்ற முடியாது. 1940 முதல் 1983 வரை அமெரிக்காவில் கார்களுக்கு சீல்டு பீம் மட்டும்தான் அனுமதி. அதனால் இந்த 7 அங்குல அளவு எல்லா இடத்திலும் கிடைக்கும் பொது அளவாகிவிட்டது. என் காரில் இருந்த ரகத்துக்கு லோ பீம், அதாவது நாம் டிம் என்று சொல்வது, வெறும் 35 வாட். அதுவும் எத்தனை வருடம் பழையதோ தெரியாது.

இதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் புலம்பினேன். அவர் இருபது வருடம் அம்பாசிடர் வைத்திருந்தவர். "ஏழு இஞ்ச் ரவுண்டு தானேப்பா? நம்ம அம்பாசிடர் சைஸ்தான். புதுப்பேட்டையில வாங்கிட்டு வரேன், எச்4 பல்பு போட்டுக்கலாம்" என்றார். எச்4 என்பது விளக்கிலிருந்து தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய ஹாலஜன் பல்பு ரகம். எனக்கும் அது சரியாகவே பட்டது. குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள் என்பதால் காரை எடுக்கவே இல்லை. ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் வந்தபோது, வேட்டியில் சுற்றி, அம்மாவின் வத்தல் பொட்டலங்களுக்கு நடுவில் இரண்டு விளக்குகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஜோடி 2,400 ரூபாய். நல்ல கனமான கண்ணாடி, நல்ல வேலைப்பாடு. பின்னால் நடக்கப்போவது எங்கள் இருவருக்குமே தெரியாது.

மே மாதம் முதல் சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். இந்தக் காரில் கை வைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விளக்கை மேலே எழுப்பிவிட்டு, பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் ரிட்ராக்டர் என்று எழுதிய 30 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது தெரியாமல் பட்டனைத் தொட்டால் மோட்டார் விளக்கைக் கீழே இழுத்துவிடும், நடுவில் விரல் இருந்தால் விடாது. மோட்டார் பழுதாகி விளக்கு எழும்பாவிட்டால் பயப்பட வேண்டாம். மோட்டாரின் மேல் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றி உள்ளே இருக்கும் குமிழைக் கையால் திருகினால் விளக்கு மெல்ல எழும்பும்.

அடுத்தது ஸ்க்ரூ. ஜப்பான் வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூ பார்ப்பதற்கு நம்மிடம் இருக்கும் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அதன் வெட்டு வேறு, ஜேஐஎஸ் என்பார்கள். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகினால் வழுக்கி மேலேறித் தலையை அரைத்துவிடும். இது தெரியாமல் இரண்டு ஸ்க்ரூவின் தலையை நான் மொழுக்கையாக்கிவிட்டேன். துருவுக்கு எண்ணெய் விட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் பிளையரால் பிடித்துத் திருக வேண்டியதாயிற்று. அந்த இழுபறியில் விளக்கைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையத்தின் காது முறிந்தது. முப்பது வருடம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. பழைய வளையம் ஒன்று வாங்க 38 டாலர். 14 டாலருக்கு ஜேஐஎஸ் ஸ்க்ரூ டிரைவரை முதலிலேயே வாங்கியிருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது. இன்னொன்று, விளக்கைப் பிடித்திருக்கும் வளையத்தின் ஸ்க்ரூக்களை மட்டும் கழற்றுங்கள். பக்கத்திலேயே ஸ்பிரிங்கோடு இருப்பவை விளக்கின் திசையைத் திருத்துவதற்கானவை. அவற்றைத் திருகினால் விளக்கு பார்க்கும் திசையே மாறிவிடும்.

புதிய விளக்கு எளிதாக உட்கார்ந்தது. சீல்டு பீமுக்கும் எச்4 பல்புக்கும் பின்னால் இருப்பது அதே மூன்று முனை சொருகிதான். அங்கே என் புத்தி ஒரு தப்புச் செய்தது. ஹாலஜன் பல்பு போடுவதற்குப் பதிலாக, இவ்வளவு கஷ்டப்பட்ட பிறகு நல்ல வெளிச்சமாகவே இருக்கட்டும் என்று 45 டாலருக்கு எச்4 பொருத்தியில் போடும் எல்இடி பல்பு வாங்கி மாட்டினேன். இரவு கராஜ் கதவின் மேல் அடித்துப் பார்த்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்பா கைதட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று நாள் கழித்து இரவில் வெளியே போனேன். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் எனக்கு பிரைட் அடித்துக் காட்டியது. நான் டிம்மில்தான் இருக்கிறேன் என்று டாஷ்போர்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு வளைவில் எதிரே வந்த வேன் ஒன்று தடுமாறி, சாலையை விட்டு மண்ணில் இறங்கி ஏறியது. கொஞ்ச தூரத்தில் கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தியபோது அந்த வேன் திரும்பி என் பின்னாலேயே வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினார். திட்டவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், சில நொடிகள் எனக்குச் சாலையே தெரியவில்லை, தயவுசெய்து உங்கள் விளக்கைச் சரிசெய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பயந்து ஆரம்பித்த வேலை, இன்னும் மூன்று பிள்ளைகளை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்ற நினைப்பில் அன்று இரவு தூக்கமே வரவில்லை.

எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், விஷயம் அங்கேயே இருக்கிறது. உள்ளே இரண்டு இழைகள். டிம்முக்கான இழையின் அடியில் நகத்தளவு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். அது வெளிச்சத்தைக் கீழே போகவிடாமல் மறைத்து, ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் விழச் செய்யும். மேல்பாதியில் பட்டது கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும், எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகாது. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் இந்தக் கணக்கு கலையும். என் எல்இடி பல்பில் சில்லுகள் ஒரு தடித்த தகட்டின் இரு பக்கமும் ஒட்டியிருந்தன. வெளிச்சம் நிறைய வந்தது, ஆனால் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போனது. ஹாலஜனுக்கென்று செய்த விளக்கில் எல்இடி பல்பு மாட்டுவது அமெரிக்கச் சாலை விதிப்படியும் செல்லாது. கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். மாட்டும் முன்னால் ஒரு நிமிடம் படித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

இரண்டாவது வார இறுதியில் எல்இடியைக் கழற்றிவிட்டு 60/55 வாட் சாதாரண ஹாலஜன் பல்பு ஜோடி 24 டாலருக்கு வாங்கிப் போட்டேன். (ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகமாகச் சூடாகி பல்பு சீக்கிரம் போகும்.) பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அன்று இரவும் இரண்டு பேர் பிரைட் அடித்தார்கள். அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். காரைச் சமதரையில் நிறுத்தி, 25 அடி தள்ளி இருந்த கராஜ் கதவில் வெளிச்சம் விழும் வடிவத்தை நிதானமாகப் பார்த்தேன். மேல்விளிம்பு வலதுபக்கம் நேர்கோடாக இருந்தது. இடதுபக்கம் சரிவாக மேலேறியது. அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "டேய், நம்ம ஊர்ல இடது பக்கம்டா" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். இந்தியாவில் நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். ஓரத்தில் நடப்பவரும் மைல்கல்லும் தெரிய வேண்டும் என்று டிம் வெளிச்சம் இடதுபக்கம் மட்டும் மேலேறும்படி கண்ணாடியின் வரிகளை வார்க்கிறார்கள். அமெரிக்காவில் வலதுபக்கம் ஓட்டுகிறோம். இங்கே இடதுபக்கம் மேலேறும் வெளிச்சம் நேராக எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். விளக்கில் எந்தக் குறையும் இல்லை, அது வேறு நாட்டுச் சாலைக்கானது. அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவைத் திருகியும் இதைச் சரிசெய்ய முடியாது, அந்தச் சரிவு கண்ணாடியிலேயே இருக்கிறது. ஊரிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ ஜப்பானிலிருந்தோ விளக்கு வரவழைக்கும் எவரும் இதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியத் தரத்தைக் காட்டும் 'E' என்ற எழுத்து முத்திரை உள்ள விளக்கு என்றால் கண்ணாடியைப் பாருங்கள். விளக்கை எதிரே நின்று பார்க்கும்போது வலதுபக்கம் நோக்கிய ஒற்றை அம்புக்குறி இருந்தால் அது இடதுபக்கப் போக்குவரத்துக்கானது. அம்பு இல்லாவிட்டால் வலதுபக்கப் போக்குவரத்துக்கு. அமெரிக்காவில் ஓட்டுவதென்றால், அந்நாட்டுத் தரத்துக்கு ஏற்றது என்று காட்டும் டிஓடி (DOT) முத்திரையும் கண்ணாடியில் இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் வருடாவருடம் காரைப் பரிசோதனைக்கு விட வேண்டும், ஹெட்லைட்டையும் அதில் பார்ப்பார்கள். பழைய சீல்டு பீமை அன்றே திரும்ப மாட்டினேன். அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இரவில் காரை எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தேன்.

டிஓடி முத்திரையோடு, வலதுபக்கப் போக்குவரத்துக்கான 7 அங்குல எச்4 விளக்கு ஜோடி 110 டாலர். முழு எல்இடி விளக்கை, அதாவது பல்பு மட்டுமில்லாமல் மொத்த விளக்கையும், வாங்கலாமா என்றும் யோசித்தேன். டிஓடி முத்திரையுள்ள நல்லவை இருக்கின்றன, மின்சாரமும் குறைவாக எடுக்கும். ஆனால் நான் பார்த்தவை பின்பக்கம் ஆழம் அதிகமாகவும் எடை கூடுதலாகவும் இருந்தன. எழும்பி இறங்கும் அந்தச் சின்ன மோட்டாருக்கு அந்தப் பாரத்தைக் கொடுக்க மனமில்லை. எல்இடியின் முன்கண்ணாடி சூடாகாது என்பதால் பனி அதன் மேலேயே உறைந்து நிற்கும் என்பதும் ஒரு காரணம்.

மூன்றாவது வார இறுதியில் புதிய விளக்கை மாட்டியதும், இந்த முறை கண்ணை நம்பாமல் 25 டாலருக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி அளந்தேன். என்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, எரிந்துகொண்டிருக்கும்போதே சொருகியின் பின்பக்கம் ஊக்கை நுழைத்துப் பார்த்தால் 12.4 வோல்ட். பேட்டரியில் 14.2. முப்பது வருடப் பழைய ஒயர், சுவிட்ச், சொருகி எல்லாம் சேர்ந்து வழியிலேயே 1.8 வோல்ட்டைத் தின்றிருந்தன. அதில் அரை வோல்ட் எர்த் பக்கம் மட்டும். இது சின்ன விஷயமில்லை. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். என் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் ஒயரிலேயே போயிருந்தது. முதல் நாளே இதை அளந்திருந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்திருக்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு வாங்கிப் போடாதீர்கள். பழைய சொருகியும் ஸ்டியரிங்கில் இருக்கும் சுவிட்சும் உருகிவிடும்.

இதற்கு வழி ரிலே ஹார்னஸ், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சும் (ரிலே) அதற்கான ஒயர்களும் சேர்ந்த தொகுப்பு. பழைய ஒயர் ரிலேயைத் தட்டிவிட மட்டும் செய்யும், பல்புக்கான மின்சாரம் தடித்த புதிய ஒயரில் நேராகப் போகும். 32 டாலருக்குத் தயாராகவே கிடைத்தது. பெட்டியைப் பிரித்து, சிவப்பு ஒயரை பேட்டரியில் இணைக்கவும் என்று படித்த பிறகுதான் உறைத்தது, மியாட்டாவின் பேட்டரி டிக்கியில் இருக்கிறது! ஒயரின் நீளமோ நான்கு அடி. கொஞ்சம் தேடிய பிறகு, பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் 80 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் திருகியிருக்கும் இடத்தில், ஃபியூஸைத் தாண்டி வரும் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் கை வைக்கும் முன்னால் டிக்கியைத் திறந்து 10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், இதில் சோம்பல் கூடவே கூடாது. எர்த் ஒயரை பாடியில் திருகும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, வெறும் இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தபோது 13.8 வோல்ட். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! முதல் முறையாக, கண்ணால் பார்த்தது மட்டுமில்லாமல் எண்ணும் என் பக்கம் நின்றது.

பத்து நாள் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு வியாழக்கிழமை, இரவு ஒன்பது மணிக்கு, இரண்டு டிம்மும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஒரு நொடி முழு இருட்டு. பிரைட்டைத் தட்டினேன், அது எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு சர்ச்சின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஃபியூஸ் போயிருந்தது. கையிலிருந்த இன்னொன்றைப் போட்டேன், அதுவும் உடனே போனது. காரை அங்கேயே விட்டுவிட்டு மனைவிக்குப் போன் செய்து வரச் சொன்னேன். மறுநாள் பகலில் போய்ப் பார்த்தால் காரணம் தெரிந்தது. விளக்கு எழும்பி இறங்கும்போது ஒயரும் கூடவே வளைந்து நிமிர வேண்டும். பழைய ஒயருக்கு கீலின் பக்கத்தில் ஒரு தளர்வான வளையம் விட்டிருந்தார்கள். நான் புதிய ஒயரை அழகாக இருக்கட்டும் என்று இறுக்கமாக டை போட்டுக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு முறை விளக்கு இறங்கியபோதும் கீலின் கை அதை அரைத்திருக்கிறது. ரப்பர் ஒரு கத்தி வெட்டு மாதிரி பிளந்து, உள்ளே தாமிரம் மினுங்கிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் இருந்ததால் தீப்பிடிக்காமல் தப்பித்தேன். நான்காவது வார இறுதி இதற்கே போனது. பழைய ஒயர் போகும் அதே பாதையில், அதே தளர்வோடு, மேலே துணி டேப் சுற்றிப் புதிய ஒயரைக் கொண்டுபோனேன். குமிழைக் கையால் திருகி, விளக்கை முழுசாக ஏற்றி இறக்கி, எங்கேயாவது இழுக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ் வருகிற மாதிரியும் மாற்றிவிட்டேன். இனி ஒன்று போனாலும் இன்னொன்று எரியும்.

கடைசியில் திசை திருத்துவது. டயர் காற்று சரிபார்த்து, பெட்ரோல் பாதி டேங்க் வைத்து, டிரைவர் சீட்டில் அப்பாவை உட்கார வைத்தேன், ஏறக்குறைய என் எடைதான் அவருக்கும். இந்த மாதிரிச் சின்னக் காரில் ஒரு ஆள் உட்கார்ந்தாலே முன்பக்கத்தின் உயரம் மாறும். காரைச் சுவருக்கு ஒட்டி நிறுத்தி, விளக்குகளின் நடுப்புள்ளியைச் சுவரில் டேப்பால் குறித்துவிட்டு, 25 அடி பின்னால் வந்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்த உயரத்துக்கு சுமார் 2 அங்குலம் கீழே விழும்படி திருகினேன். ஒரு விளக்கைத் திருத்தும்போது இன்னொன்றைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எது எதனுடையது என்று தெரியாது. அடுத்த வாரம் பரிசோதனைக்கு விட்டபோது 35 டாலர் கொடுத்துக் கருவியிலும் பார்க்கச் சொன்னேன். வலது விளக்கை மட்டும் அரைச் சுற்று திருத்தினார்கள், பாஸ் ஆனது.

கணக்குப் பார்த்தால் மொத்தம் 353 டாலர். அதில் வீணானது 113: ஊரிலிருந்து வந்த விளக்கு ஏறக்குறைய 30, எல்இடி பல்பு 45, உடைந்த வளையத்துக்கு 38. நான்கு வார இறுதிகளில் ஒன்றரையே போதும், இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால். இப்போது அந்த அக்டோபர் மேட்டைத் தாண்டி இறங்கும்போது வலது ஓரத்து வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. வண்டி எதிரே வரும்போதெல்லாம் இன்னமும் அவர்கள் பிரைட் அடிக்கிறார்களா என்று பார்க்கிறேன். இதுவரை ஒருவரும் அடிக்கவில்லை.

செப்டம்பரில் அப்பா ஊருக்குத் திரும்பியபோது அந்த இரண்டு விளக்குகளையும் அதே வேட்டியில் சுற்றி எடுத்துப் போனார். கம்பம் ஊரில் இருக்கும் மாமாவின் பழைய மஹிந்திரா ஜீப்புக்கு அதே அளவுதான். போன வாரம் மாமா போன் செய்தார். குமுளி மலைப்பாதையில் ராத்திரி ஏறும்போது இடது ஓரத்துச் சுவர் முழுசாகத் தெரிகிறதாம்.